முதல் நிமிடத்தின் மூச்சு: குளிர்நீர்ப் பழக்கத்தைத் தொடங்கும் முறை

குளிர்ந்த நீர் பிடரியில் விழுந்த கணத்திலேயே உடல் நம்மைக் கேட்காமல் ஒரு காரியம் செய்கிறது. வாய் திறந்து, நெஞ்சு விரிந்து, ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. அதை அடக்க நினைப்பதற்குள் அடுத்த மூச்சும், அதற்கடுத்த மூச்சும் வந்துவிடுகின்றன. தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன, வயிறு இறுகுகிறது, இதயம் படபடக்கிறது. தோலின் வெப்பநிலை திடீரென்று இறங்கும்போது எழும் இந்த எதிர்வினையை உடலியல் வல்லுநர்கள் குளிர் அதிர்ச்சி என்று குறிப்பிடுகிறார்கள். முதல் அரை நிமிடத்தில் உச்சத்தைத் தொடும் அது, இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே தணிந்துவிடும். குளிர்நீர்ப் பழக்கத்தின் பெரும்பகுதி இந்த முதல் நிமிடத்தைக் கடக்கக் கற்றுக்கொள்வதுதான் என்பது, சில ஆண்டுகளாக இதைத் தொடர்ந்து செய்துவரும் என் முடிவு. ஆனால் தொடங்குபவர்களில் பலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரத்தை நீட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

உடலுக்குள் நடப்பது

தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. டிஆர்பிஎம்8 எனப்படும் அதை 2002ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் உணர்விகளைக் கண்டறிந்ததற்காக இருவரும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். புதினாவில் உள்ள மெந்தால் நாக்கில் பட்டால் குளிர்வதும் இதே புரதத்தை அது தூண்டிவிடுவதால்தான்.

இந்த நரம்புகள் தரும் செய்தி மூளையை எட்டியதும் ஆபத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இரத்தத்தில் நோர்அட்ரினலின் என்ற இயக்குநீர் பெருகுகிறது. தோலுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, வெதுவெதுப்பான இரத்தத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் திருப்பிவிடுகின்றன. குழாய்கள் சுருங்கியதால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. நடுக்கம் தொடங்கினால் தசைகள் தாமாகவே சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மணி நேரம் நீரில் அமர்த்தப்பட்டார்கள். 32 டிகிரி செல்சியஸ் நீரில் அவர்களுடைய வளர்சிதை மாற்ற வேகம் மாறவில்லை. 20 டிகிரியில் அது 93 விழுக்காடு கூடியது. 14 டிகிரியில் 350 விழுக்காடு கூடியது. அதே 14 டிகிரியில் இரத்தத்தின் நோர்அட்ரினலின் அளவு 530 விழுக்காடும் டோபமின் அளவு 250 விழுக்காடும் உயர்ந்தன. இந்த எண்கள் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகின்றன, ஆனால் அவை ஒரு மணி நேர முழுக்கில் கிடைத்தவை என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஒரு நிமிட ஷவருக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பேசுவது தவறு. வெப்பநிலை இறங்க இறங்க உடலின் எதிர்வினை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

அதே 14 டிகிரி காற்றில் ஒரு முழுக்கைச் சட்டையோடு மணிக்கணக்கில் உலவ முடிகிறதே என்று கேட்கலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் அதுதான்.

என்ன பயன், எவ்வளவு உறுதி

என்னை இந்தப் பழக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பது ஒரே ஒரு பயன்: குளிர்நீரிலிருந்து வெளியே வந்த பிறகு கிடைக்கும் தெளிவு. தோல் முழுவதும் மெல்லிய சூடு பரவும், மூச்சு ஆழமாகவும் நிதானமாகவும் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மனம் ஓரிடத்தில் நிற்கும். நோர்அட்ரினலின் விழிப்பையும் கவனத்தையும் கூட்டும் பொருள் என்பதால் இதில் வியப்பில்லை. மனஅழுத்தத்தைப் பொறுத்தவரை, 11 ஆய்வுகளையும் 3,177 பேரையும் உள்ளடக்கி 2025இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, குளிர்நீர் முழுக்குக்கு 12 மணி நேரம் கழித்து மனஅழுத்தம் குறைந்திருந்ததைக் கண்டது. முழுக்கு முடிந்த உடனே அப்படி எதுவும் தெரியவில்லை. அழற்சியைக் காட்டும் அளவுகள் முழுக்கை அடுத்துச் சற்று உயர்ந்திருந்ததையும் அதே திறனாய்வு பதிவு செய்தது. குளிர்நீர் அழற்சியை உடனே அணைத்துவிடும் என்று பேசப்படுவதை இதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் எடுத்துச் சொல்லும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 3,018 பேர் பங்கேற்ற அதன் முடிவுகள் 2016இல் வெளியாயின. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினர் வழக்கம்போலக் குளித்தார்கள். மற்றவர்கள் 30 நாட்களுக்கு, வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 விநாடிகள் குளிர்நீரில் நின்றார்கள். குளிர்நீரில் நின்றவர்கள் உடல்நலக் குறைவுக்காக எடுத்த விடுப்பு 29 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயுற்ற நாட்களின் எண்ணிக்கையோ குறையவில்லை. சளி வந்தபோதும் எழுந்து வேலைக்குப் போகும் அளவுக்குத் தெம்பாக உணர்ந்தார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் இருக்கிறது: 30 விநாடி நின்றவர்களுக்கும் 90 விநாடி நின்றவர்களுக்கும் பலனில் வேறுபாடு தென்படவில்லை.

பழுப்புக் கொழுப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சாதாரணக் கொழுப்பு ஆற்றலைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்போ அதை எரித்து வெப்பமாக்கும். குழந்தைகளுக்கு மட்டுமே அது பொருட்படுத்தத்தக்க அளவில் உண்டு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வளர்ந்தவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் முதுகெலும்பை ஒட்டியும் அது இயங்கும் நிலையில் இருப்பதை 2009இல் ஒரே மருத்துவ இதழில் வந்த மூன்று கட்டுரைகள் நிறுவின. குளிர் அதைத் தூண்டுகிறது. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 8 பேர் பத்து நாட்கள், நாள்தோறும் சில மணி நேரம் 14 அல்லது 15 டிகிரி குளிரறையில் இருந்தபோது, அவர்களின் இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் அளவு, சராசரியாக 43 விழுக்காடு மேம்பட்டது. அந்த மேம்பாடு பழுப்புக் கொழுப்பைவிடத் தசைகளில்தான் அதிகம் நிகழ்ந்திருந்தது. எட்டுப் பேரைக் கொண்ட ஆய்வு என்பதால் நம்பிக்கை தரும் தொடக்கமாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டும். அதை நம்பி யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது.

எடை குறைய வேண்டும் என்பதற்காகக் குளிர்நீரைத் தேடி வருபவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. குளிர் பசியைக் கிளறும், எரித்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுவது எளிது.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடும் பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலியைக் குளிர்நீர் முழுக்கு குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் 12 வாரங்கள் எடைப் பயிற்சி செய்தவர்களைப் பின்தொடர்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒவ்வொரு பயிற்சியும் முடிந்தவுடன் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் வலுவும் குறைவாகவே கூடியதைக் காட்டியது. தசையை வளர்ப்பது நோக்கமானால் குளிர்நீரைப் பயிற்சிக்கு முன்போ, பயிற்சியில்லாத நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தொடங்கக் கூடாது

இதய இரத்தக்குழாய் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மருத்துவரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் குளிர்நீரில் இறங்கக் கூடாது. முதல் நிமிடத்தில் இரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறுவதை மேலே பார்த்தோம். நலமான இதயம் அதைப் பொறுத்துக்கொள்ளும், நலிந்த இதயத்துக்கு அது பெரும் சோதனை. கருவுற்றிருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், குளிர்காற்று பட்டாலே மூச்சிரைப்பு வருபவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும். நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, குளிர் தோலைச் சேதப்படுத்தினாலும் தெரியாமல் போய்விடும்.

இரண்டு நிலைமைகள் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. குளிர்ந்த பொருளைத் தொட்டதும் விரல்கள் வெள்ளையாகி, பிறகு நீலம் பாய்ந்து, வெப்பம் திரும்பும்போது சிவந்து வலித்தால் அது ரேனாட் நோயாக இருக்கலாம். குளிர் பட்ட இடம் தடித்து அரித்தால் குளிர் ஒவ்வாமையாக இருக்கலாம். முன்கையில் சிறிது நேரம் பனிக்கட்டியை வைத்து, எடுத்த பிறகு தடிப்பு எழுகிறதா என்று மருத்துவர்கள் இதைச் சோதிப்பார்கள். கையளவு தோலில் வெறும் அரிப்பாக இருப்பது, உடல் முழுவதும் நீரில் மூழ்கும்போது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியாக முடியக்கூடும்.

குழந்தைகளை இதில் ஈடுபடுத்த வேண்டாம். அவர்களின் உடல் மிக விரைவாக வெப்பத்தை இழக்கும்.

எது குளிர்நீர்

வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இந்தப் பழக்கத்துக்குக் கட்டாயம் தேவைப்படும் ஒரே கருவி அதுதான். கையால் தொட்டுச் சொல்லும் கணிப்பு நாளுக்கு நாள் மாறும். வெந்நீரில் நின்றவருக்கு 22 டிகிரி நீரும் பனிபோலத் தோன்றும். பொதுவாக 20 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் குளிர் அதிர்ச்சி தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. 10 முதல் 15 டிகிரிக்குள் அது மிகக் கடுமையாகிவிடும். அதற்கும் கீழே போவதால் தொடங்குபவருக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் ஒன்றுமில்லை, கிடைக்கும் ஆபத்துதான் கூடுதல்.

குழாய் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பது இடத்தையும் பருவத்தையும் பொறுத்தது. உங்கள் குழாயில் 15 டிகிரி நீர் வந்தால் வேறு எதுவும் வேண்டாம். 25 டிகிரியில் வந்தால், முதல் இரண்டு வாரங்களுக்கு அதையே பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு பனிக்கட்டி சேர்க்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, அந்த நீர் 15 டிகிரிக்கு வருவதற்குள் ஏறத்தாழ 95 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கணக்குப்படி, 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளி நீரை 15 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவுக்குச் சற்று மேல் பனிக்கட்டி தேவை. 150 லிட்டர் தொட்டிக்கு 16 கிலோ தேவை. தொட்டியின் சுவரும் சுற்றியுள்ள காற்றும் தரும் வெப்பம் இதில் சேரவில்லை. பனிக்கட்டியைப் போட்டதும் நீரை நன்றாகக் கலக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். மேலே மிதக்கும் பனிக்கட்டியின் அருகே ஒரு வெப்பநிலையும் அடியில் வேறொன்றும் இருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள்

வெந்நீரில் வழக்கம்போலக் குளித்து முடியுங்கள். பிறகு குழாயைக் குளிர்நீருக்குத் திருப்பி, முதலில் பாதங்களில் விழ விடுங்கள். அடுத்து முழங்கால், தொடை, கைகள். மூச்சு இன்னும் உங்கள் வசத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் கொண்டுவாருங்கள். பிடரியும் முதுகும் கடைசி. நெஞ்சில் நீர் விழத் தொடங்கியதிலிருந்து 15 விநாடி கணக்கு. முதல் மூன்று நாட்களுக்கு அவ்வளவு போதும்.

அந்த 15 விநாடியில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: மூச்சை வெளியே விடுங்கள். உடல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க முனையும். அதனுடன் போராடாமல், ஒவ்வொரு முறையும் வெளிமூச்சை மட்டும் சற்று நீட்டுங்கள். உதடுகளைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவதுபோல ஊதலாம். எனக்கு உதவியது வாயை மூடிக்கொண்டு மெல்ல 'ம்' என்று இழுப்பது. ஒலி வரும் வரையில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பது உறுதி, ஒலி துண்டு துண்டாக உடைந்தால் இன்னும் படபடப்பு அடங்கவில்லை என்பது காதுக்கே தெரிந்துவிடும். நான்காவது ஐந்தாவது வெளிமூச்சில் தோள்கள் தாமாக இறங்குவதை உணர்வீர்கள். அந்தக் கணத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி முழுவதும்.

மூன்று நாட்களுக்கு ஒருமுறை 15 விநாடி கூட்டிக்கொண்டே போனால் இரண்டாம் வாரத்தின் இறுதியில் ஒரு நிமிடத்தை எட்டியிருப்பீர்கள். கூட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய நாள் முடிவில் உங்களால் மூச்சை நிதானமாக விட முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையென்றால் அதே நேரத்தில் இன்னும் இரண்டு நாள் இருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பவர் அந்த நிமிடத்தில் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நாளாக ஆக உடல் பழகும் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். மூன்று நிமிடம் நீளும் குளிர்நீர் முழுக்குகள் ஐந்தாறு போதும், குளிர் அதிர்ச்சியின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பதினான்கு மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. முதல் வாரம் தாங்க முடியாததாகத் தோன்றுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் வாரத்தில் நீங்கள் சந்திக்கப்போவது முதல் நாள் சந்தித்த அதே குளிரை அன்று.

நேரத்தைப் பொறுத்தவரை காலையே சிறந்தது. விழிப்பைக் கூட்டும் காரியத்தை உறங்கப்போகும் நேரத்தில் செய்தால் தூக்கம் தள்ளிப்போகலாம்.

தொட்டியில் அமர்வது

ஷவரில் நீர் உடலின் ஒரு பகுதியில்தான் விழும்; தொட்டியில் கழுத்துவரை ஒரே சமயத்தில் குளிரும். ஆகவே இது ஒரு பெரிய படி. ஒரு மாதமாவது ஷவரில் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது, அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கதவைத் தாழிடாதீர்கள். முதல் நாள் நீர் 18 டிகிரியில் இருக்கட்டும், நேரம் ஒரு நிமிடம். பிறகு வாரத்துக்கு ஒரு டிகிரி குறைத்து 15க்கு வரலாம், நேரத்தை மெல்ல மூன்று நிமிடமாக்கலாம். ஒரே வாரத்தில் வெப்பநிலையைக் குறைத்து நேரத்தையும் கூட்டாதீர்கள். வாரத்தில் மூன்று நாட்கள் தாராளம்.

இறங்கும்போது கால், இடுப்பு, நெஞ்சு என்ற வரிசையில், குதிக்காமல் இறங்குங்கள். உள்ளே அமர்ந்த பிறகு அசையாமல் இருந்தால் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான நீர்ப்படலம் ஒன்று உருவாகும். கையைச் சற்று அசைத்தாலே அது கலைந்து, குளிர் புதிதாக வந்து கடிக்கும். தொடக்கத்தில் அந்தப் படலத்தைக் கலைக்காமல் இருப்பது உதவியாக இருக்கும். விரல்கள் அதிகம் வலித்தால் கைகளை நீருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

தலையை நீருக்குள் அமிழ்த்த வேண்டாம். முகம் குளிர்நீரில் மூழ்கினால், வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தை மெதுவாக்கும் கட்டளை போகிறது. அதே நேரத்தில் உடலில் பட்ட குளிர் இதயத்தை வேகப்படுத்துகிறது. இரண்டு எதிர்க்கட்டளைகளும் ஒன்றாக வந்து சேரும்போது துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். நீரில் இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பயிற்சிகளையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அவை இரத்தத்தின் கரியமில வாயுவைக் குறைத்துவிடுவதால், மூச்சு தேவை என்ற உணர்வு எழுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம். நீருக்குள் அது நிகழ்ந்தால் மூழ்கிப்போவதில்தான் முடியும். இப்படி இறந்தவர்கள் உண்டு. மூச்சுப் பயிற்சியைத் தரையில் அமர்ந்து தனியாகச் செய்யலாம், நீரோடு சேர்க்காதீர்கள்.

வெளியே வந்த பிறகு

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன் என்றேன். தொட்டிக்கு மாறிய இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், நீர் 11 டிகிரியில் இருந்தது. மூச்சு விரைவில் அடங்கிவிட்டது, உடலில் வலியில்லை, அந்தத் தெம்பில் எட்டு நிமிடம் இருந்துவிட்டேன். எழுந்து துடைத்துக்கொண்டபோதும் நன்றாகவே இருந்தேன். சட்டையை மாட்டிப் பொத்தான் போடத் தொடங்கியபோதுதான் விளங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. முதல் பொத்தானைத் துளைக்குள் தள்ளவே நான்கைந்து முறை முயல வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு வந்தபோது தாடை அடித்துக்கொள்ளத் தொடங்கி, பிறகு உடல் முழுவதும் உதறியது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்து அது அடங்குவதற்கு நாற்பது நிமிடமானது. நீரில் இருந்தபோது வராத நடுக்கம் வெளியே வந்த பிறகு ஏன் இப்படி வந்தது?

நீரில் இருக்கும்போது கைகால்களும் தோலும் பெருமளவு குளிர்ந்துவிடுகின்றன, ஆனால் உட்பகுதி காக்கப்படுகிறது. வெளியே வந்த பிறகும் குளிர்ந்த வெளிப்பகுதி உட்பகுதியிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கைகால்களில் குளிர்ந்திருந்த இரத்தமும் உள்ளே திரும்புகிறது. ஆகவே உடலின் உள்வெப்பநிலை மேலும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே போகிறது. நீரில் இருக்கும்போது தோன்றும் நலத்தை வைத்து நேரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். இன்னும் ஒரு நிமிடம் இருக்கலாம் என்று தோன்றும்போதே எழுந்துவிட வேண்டும்.

எழுந்தவுடன் ஈரத்தைத் துடையுங்கள். முதலில் மார்பையும் வயிற்றையும் மூடும் உடை, பிறகு தலைக்கு ஒரு குல்லாய், அதன் பிறகு மற்றவை. இவற்றை நீரில் இறங்குவதற்கு முன்பே, அணியும் வரிசையில் அருகில் எடுத்து வைத்திருங்கள். பொத்தான் இல்லாத தளர்ந்த உடையாக இருப்பது நல்லது. இளஞ்சூடான இனிப்புப் பானம் ஒன்றைப் பருகிவிட்டு மெல்ல நடங்கள். சற்று நேரம் கூடுதலாக நீரில் இருந்துவிட்ட நாளில், உடனே கொதிக்கும் வெந்நீர் ஷவரின் கீழ் போய் நிற்காதீர்கள். சுருங்கியிருந்த இரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மயக்கம் வரலாம். மது இந்தப் பழக்கத்துக்கு முன்னும் பின்னும் ஆகாது. நடுக்கம் முழுவதும் நிற்கும் வரை வண்டி ஓட்டவும் வேண்டாம்.

லேசான நடுக்கம் இயல்பானது. பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், குழப்பம் தெரிந்தால், அல்லது குளிர் விலகாத நிலையிலேயே நடுக்கம் நின்று தூக்கம் தள்ளினால் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அது மருத்துவ அவசரம்.

திறந்த நீர்நிலைகள்

ஏரியிலோ கடலிலோ குளிர்நீரில் இறங்குவது வேறொரு கலை, அதை இங்கே முழுமையாகச் சொல்ல இயலாது. தனியாகப் போகக் கூடாது, குதிக்கக் கூடாது, எளிதில் வெளியேற வழியுள்ள ஆழமற்ற இடத்தைத் தாண்டக் கூடாது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவர்களுக்காக 1-10-1 என்ற விதியைப் பரப்பினார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பதற்கு 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு 1 மணி நேரம். உறைந்து போவதற்கு நெடுநேரம் முன்பே கைகள் செயலிழக்கின்றன என்பதை இந்த விதி தெளிவாக்குகிறது. தவறி விழுந்தால் உடனே நீந்த முற்படாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு திரும்பும் வரை காத்திருங்கள். வீட்டு ஷவரில் கற்ற நீண்ட வெளிமூச்சு அங்கே உயிரைக் காக்கும்.

இடைவெளி விட்டுப்போனால்

காய்ச்சல் இருக்கும் நாட்களில், இரவு சரியாக உறங்காத நாட்களில், வெறும் வயிற்றில் களைப்பாக உணரும் நாட்களில் குளிர்நீரை விட்டுவிடுங்கள். விட்ட நாட்களை ஈடுகட்ட மறுநாள் நேரத்தைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. இடைவெளி ஒரு வாரத்துக்குள் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால், முன்பு தொட்டியில் அமர்ந்தவராக இருந்தாலும், வெந்நீருக்குப் பின் 15 விநாடி என்ற முதல் நாள் அளவிலிருந்தே தொடங்குங்கள், பாதம், முழங்கால், தொடை, கை, நெஞ்சு, கடைசியாகப் பிடரி என்ற அதே வரிசையில். இந்த முறை இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ தோள்கள் இறங்கிவிடும்.